ஆறாம் எண் கேசட்

மார்ச் 4, செவ்வாய்

மூன்று கேசட் கேட்டுத் தட்டச்சு செய்தேன். விரல் நுனியெல்லாம் எரிகிறது.

நான் வேலை பார்க்கும் இந்த எழுத்தாளருக்கு ஊரில் 'காது' என்று பெயர். ஜாஸ் வரலாறு என்றால் இவர் எழுதியதுதான். எந்த இசைத்தட்டைப் போட்டாலும் நாலு நொடி கேட்டுவிட்டு வாசிப்பது யார் என்று சொல்லிவிடுவாராம். நான் வேலைக்கு வந்து நாற்பது நாள். இன்னும் என் முகத்தை நேராகப் பார்த்ததில்லை. "டைப் பொண்ணு" என்று கூப்பிடுவார். பார்க்காமலே இருக்கட்டும்.

அவருடைய தடிமனான புத்தகம் என் மேசையில்தான் கிடக்கிறது. நான் திறப்பதில்லை. திறக்க வேண்டியதில்லை. 112ஆம் பக்கம் எனக்கு மனப்பாடம்.

மார்ச் 7, வெள்ளி

112ஆம் பக்கத்தை எழுதி வைக்கிறேன், கோபம் ஆறிப்போகாமல் இருக்க.

'மாஸ்டர் இந்த மெதுவான பாட்டில், வாக்கியம் முடியும் முன்பே மூச்சை முறிக்கிறார். சாக்ஸபோனில் இப்படியொரு மௌனத்தை வைக்க ஒரு தத்துவவாதியால்தான் முடியும்.' இப்படியே ஆறு பக்கம்.

வாசித்தது மாஸ்டர் இல்லை. என் அம்மா. மாஸ்டர் குழுவின் தலைவர், அவ்வளவுதான். இசைத்தட்டு உறையில் உள்ள படத்தில் அம்மா ஓரமாக நிற்கிறாள், கையில் சாக்ஸபோனோடு. கீழே 'குழுவினர்' என்று போட்டிருக்கிறது.

ஒன்பதாம் வகுப்பில் அம்மாவைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். எனக்கு நாலு பேர் முன்னால் பேச்சே வராது. அன்றைக்கு எப்படியோ வந்தது. அந்தப் பாட்டில் வாசித்தது எங்க அம்மா என்றேன். மறுநாள் டீச்சர் இந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்து 112ஆம் பக்கத்தைச் சத்தமாகப் படித்தார். "புஸ்தகம் பொய் சொல்லுமா, நீ பொய் சொல்லுவியா?" வகுப்பே சிரித்தது. அன்றிலிருந்து எனக்குப் 'புளுகுணி' என்று பெயர். இரண்டு மாதம் தாங்கினேன். பிறகு போகவில்லை. மூன்று வருஷமாகிறது.

இவர் வீட்டில் சமைக்கும் எங்கள் பக்கத்து வீட்டு அக்கா, "தட்டச்சு தெரிஞ்ச புள்ள வேணுமாம், வர்றியா?" என்று கேட்டபோது, யார் வீடு என்று தெரிந்ததும் உடனே தலையாட்டினேன். எதற்கென்று அப்போது எனக்கே தெரியாது. அம்மாவிடம் 'ஒரு ஆபீஸ்' என்று மட்டும் சொல்லியிருக்கிறேன்.

மார்ச் 12, புதன்

கிடைத்துவிட்டது!!

மாஸ்டர் சாவதற்கு முன், நாலு வருஷத்துக்கு முந்தி இவர் எடுத்த பேட்டி. புத்தகம் வந்த பிறகு எடுத்தது. "பாட்டுப் பட்டியல்ல இருக்கறத மட்டும் அடி, ஊர்க்கதையெல்லாம் விட்டுடு" என்று சொல்லிக் கொடுத்தார். கேசட்டின் இரண்டாம் பக்கத்தின் கடைசியில் மாஸ்டர் இருமிக்கொண்டே சிரிக்கிறார்:

"அது நான் இல்லப்பா. அந்தப் பொண்ணு வாசிச்சது. அவளுக்கு அப்போ எட்டு மாசம். பாதி வரியிலயே மூச்சு நின்னுரும். நீ என்னடான்னா தத்துவம்கிற!"

அடுத்து இவருடைய குரல். ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. "அத விடுங்க மாஸ்டர். புத்தகம் வந்தாச்சு. அடுத்த பாட்டுக்கு வருவோம்."

தெரிஞ்சிருக்கு. இந்த ஆளுக்குத் தெரிஞ்சிருக்கு! தெரிஞ்சே நாலு வருஷமா...

பதினொரு தடவை திருப்பிக் கேட்டேன். அக்கா வந்து "என்னடீ, பேயறஞ்ச மாதிரி உக்காந்திருக்க?" என்றாள். தலைவலி என்றேன்.

எட்டு மாசம். அப்படியென்றால் உள்ளே இருந்தது நான்.

மார்ச் 13, வியாழன்

என்ன செய்வது? நேரில் கேட்டால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அவர் கேசட்டை வாங்கி அழித்துவிடுவார். கடிதம் எழுதினால் கிழித்துப் போடுவார்.

மார்ச் 20, வியாழன்

ஏப்ரல் ஐந்தாம் தேதி இசைச் சங்க மண்டபத்தில் அவர் பேசுகிறார். தலைப்பு 'மௌனம் என்னும் துணிச்சல்'. இரண்டாம் பதிப்பும் வருகிறதாம். பேச்சுக்கு நடுவே ஒன்பது துண்டு இசை. ஒவ்வொன்றையும் தனித்தனிக் கேசட்டில், தொடங்கும் இடத்துக்குச் சரியாகச் சுற்றி, எண் போட்டு வைக்க வேண்டும். அவர் சுண்டுவிரலைத் தூக்கினால் நான் பொத்தானை அழுத்த வேண்டும்.

"நீ பேசவே வேண்டாம், பயப்படாத" என்றார்.

பயப்படவில்லை சார்.

ஏப்ரல் 1, செவ்வாய்

ஆறாம் எண்ணுக்குத்தான் அந்தப் பாட்டு. ஒத்திகையில் சரியான கேசட்டைப் போட்டேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார், ஏதோ அவரே பெற்றெடுத்த மாதிரி. மனுஷன் அந்த நேரத்தில் பார்ப்பதற்குப் பாவமாகத்தான் இருந்தார். எனக்கு வகுப்புச் சிரிப்பு ஞாபகம் வந்தது. பாவம் போய்விட்டது.

ஏப்ரல் 5, சனி

இன்றைக்கே எழுதிவிடுகிறேன்.

மண்டபம் நிறைந்திருந்தது. ஐந்தாம் துண்டு முடிந்தது. "இப்போ கேளுங்க, ஒரு மேதை எங்க மூச்ச நிறுத்துறார்னு" என்று சொல்லிச் சுண்டுவிரலைத் தூக்கினார். அழுத்தினேன்.

"அது நான் இல்லப்பா..."

முதலில் புன்னகையோடுதான் நின்றார். 'எட்டு மாசம்' வந்ததும் என் பக்கம் திரும்பினார். இத்தனை நாளும் பார்க்காத முகத்தை இப்போது பார்த்தார். "நிறுத்து, நிறுத்து" என்றார். இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "புத்தகம் வந்தாச்சு" வரைக்கும் ஓடியது. பின்வரிசையில் யாரோ சிரித்தார். அப்புறம் எல்லாரும்.

அந்தச் சிரிப்பை வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மனசுக்குள் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

அம்மாவிடம் சொன்னேன். கட்டிக்கொள்வாள் என்று நினைத்தேன். சலவைக் கடையிலிருந்து வந்த களைப்போடு முழுக்கக் கேட்டுவிட்டு, "உன்ன யாருடீ இதெல்லாம் பண்ணச் சொன்னா?" என்றாள்.

"உன் பேரு வரவேணாமாம்மா?"

"அதுலயா? போயும் போயும் அதுலயா?"

எழுந்து அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

ஏப்ரல் 22, செவ்வாய்

செய்தித்தாளில் வந்துவிட்டது. அக்கா சொன்னாள்: இரண்டாம் பதிப்பைப் பதிப்பாளர் நிறுத்தி வைத்திருக்கிறாராம். அந்த ஆறு பக்கம் திருத்தப்பட்டு, அம்மாவின் சம்மதக் கையெழுத்தும் வந்தால்தான் அச்சாம். "காது இப்ப கேக்காத மாதிரி திரியுது" என்று சொல்லி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவளுக்கு வேலை போகவில்லை. எனக்குப் போய்விட்டது.

மே 3, சனி

அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். எங்களிடம் இருப்பது ஒரே நாற்காலி. அதில் இஸ்திரி போட்ட துணி இருந்தது. அம்மா எடுக்கப் போனாள். நான் கண்ணைக் காட்டினேன். நிற்கட்டும்.

"உங்க பொண்ணுன்னு தெரியாதும்மா" என்றார்.

"தெரிஞ்சிருந்தா?" என்றாள் அம்மா. அவர் பேச்சை மாற்றினார்.

"உங்க பேரப் போட்டுடறேன். கையெழுத்து மட்டும்..."

"போடாதீங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"நான் வாசிச்சதுலயே மோசமானது அதுதான் சார். வரிக்கு வரி அறுந்துபோச்சு. இன்னொரு தடவ எடுக்கலாம்னு மாஸ்டர் கால்ல விழாத குறையா கேட்டேன். நேரமில்லன்னுட்டாரு. அவர் பேர்ல போனப்போ நல்லதாப் போச்சுன்னு இருந்தேன்."

"அதுதான்மா அழகே!"

"எட்டு மாசத்த வயித்துல வெச்சுக்கிட்டு நீங்க ஊதிப் பாருங்க, அழகு தெரியும்."

அவர் முகத்தில் நிம்மதி வருவதைப் பார்த்தேன். அம்மாவே வேண்டாம் என்றால் பழையபடி மாஸ்டர் பெயரிலேயே விட்டுவிடலாம் என்று. என் மூன்று வருஷம் அப்படியே காற்றில் போகப் போகிறது...

"போடணும்" என்றேன்.

இருவரும் திரும்பினார்கள்.

"மோசமா வாசிச்சிருந்தாலும் வாசிச்சது நீதானம்மா. ஸ்கூல்ல என்னப் பொய் சொல்றேன்னாங்க."

பள்ளிக் கதை அம்மாவுக்குத் தெரியாது. படிப்பு ஏறவில்லை என்றுதான் சொல்லியிருந்தேன். என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவரிடம், "எழுதிட்டு வாங்க. அவ படிச்சு சரின்னா கையெழுத்துப் போடறேன்" என்றாள்.

ஜூன் 10, செவ்வாய்

திருத்திய பக்கங்கள் தபாலில் வந்தன. மாஸ்டர் பெயர் இருந்த இடத்திலெல்லாம் அம்மா பெயர். மற்றதில் ஒரு எழுத்துக்கூட மாறவில்லை. அதே மௌனம், அதே துணிச்சல், அதே தத்துவவாதி. ஆறு பக்கமும்.

அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். மூன்றாம் பக்கத்தில் சிரிக்க ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை. "அடிப்பாவி, நீ உள்ளேர்ந்து ஒதச்சதெல்லாம் இவருக்குத் தத்துவமாடீ!" கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பேரு வந்துருச்சுல்ல. விடு" என்றாள்.

நான் விடவில்லை. பேனாவை எடுத்து ஆறு பக்கத்துக்கும் குறுக்கே கோடு போட்டேன். ஓரத்தில் ஒரே வரி எழுதினேன்: 'அப்போது இவருக்கு எட்டாம் மாதம், மூச்சு போதவில்லை.' மறு தபாலில் அனுப்பிவிட்டேன்.

ஜூன் 14, சனி

அக்கா வீட்டுத் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"ஆறு பக்கமும் போகணுமாம்மா?" 'டைப் பொண்ணு' என்று சொல்லவில்லை.

"போகணும்."

"பாதியாவது..."

"போகணும் சார்."

நான் சொன்னது அடுப்பங்கரையில் இருந்த அக்காவுக்கே கேட்டதாம். என் ஒரு வரியோடு திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. அம்மா கையெழுத்துப் போட்டுவிட்டாள்.