பதினாறும் இல்லை, பதினெட்டும் இல்லை

என் பாசத்துக்குரிய அக்கா,

எதையும் வரிசைப்படுத்தாமல் எனக்குப் பேச வராது என்று கேலி செய்வாய். கல்யாண வீட்டில் சாப்பிட்டதைக்கூட ஒன்று, இரண்டு என்று எண் போட்டுச் சொல்கிறவன் என்பாய். நீ கண்ணை மூடி ஒரு வருஷம் ஆகப்போகிறது. அந்தப் பழக்கம் என்னை விட்டுப் போகவில்லை. சொல்ல வந்தவை இவை:

1. உன் மகள் மீனாவுக்கு வந்திருக்கும் சோதனை முடிவு.
2. கிருமியின் வகைகள் ஊருக்கு ஊர் மாறுவதும், அந்த விஷயத்தில் நீ எனக்குச் செய்த உதவியும்.
3. நீ பயமே அறியாதவள் என்பதும், அதை மீனாவுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும் என்பதும்.
4. நன்றி.

நன்றியை முதலில் போட்டிருக்க வேண்டுமோ? தெரியவில்லை. இருக்கட்டும்.

மீனாவின் ஆபீஸில், தோப்பும்படியில், பெண்களுக்கெல்லாம் பாப் டெஸ்ட் எடுத்தார்கள். கருப்பை வாயிலிருந்து எடுத்த செல்களில் சில சரியாக இல்லை என்று வந்தது. அதன் பிறகு ஹெச்.பி.வி. வைரஸ் இருக்கிறதா, எந்த வகை என்றும் பார்த்தார்கள். வைரஸ் இருந்தது. ஆனால் எல்லோரும் பெயர் சொல்லிப் பயப்படும் பதினாறாம் வகை இல்லை, பதினெட்டும் இல்லை. வேறு ஒன்று. கருப்பை வாயை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்க்க வேண்டும், உடனே வரச் சொல்லுங்கள் என்றார் டாக்டர்.

மீனா போக மாட்டேன் என்கிறாள். “அது ரெண்டும்தானே மாமா அபகடம்? எனக்கு ரெண்டும் இல்லையே. பின்னே என்னத்துக்குப் போணும்?” என்று கேட்டுவிட்டுக் கீரை ஆயப் போய்விட்டாள்.

புற்றுநோய் ஆபத்து அந்த இரண்டோடு முடிவதில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் உன் மகளை உட்கார வைத்துக் கருப்பை வாயைப் பற்றிப் பேசும் தெம்பு எனக்கு ஏது? இரண்டு நாள் யோசித்து, மூன்றாவது நாள் பாதி சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். பதினாறாம் வகை கிட்டத்தட்ட எல்லா நாட்டிலும் முதலில் நிற்கிறது. அதற்குப் பின்னால் நிற்கிற வரிசைதான் இடத்துக்கு இடம் மாறுகிறது. கிழக்காசியாவில் ஐம்பத்திரண்டும் ஐம்பத்தெட்டும் அதிகம். ஆப்பிரிக்காவின் சில பகுதிகளில் முப்பத்தைந்து. ஒரு நாட்டில் பின்வரிசையில் இருப்பது இன்னொரு நாட்டில் முன்னால் வந்து நிற்கும். அதனால்தான் ஆபத்தான எல்லா வகைகளையும் தேட வேண்டியிருக்கிறது என்றேன். அவள் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

இதைச் சொல்லும்போதெல்லாம் உன் சிரிப்புதான் என் காதில் விழுந்தது. களமசேரிப் பக்கம் அந்த ஆய்வகத்தில் நான் புள்ளிவிவர உதவியாளனாக இருந்த நாட்கள் நினைவிருக்கிறதா? செல்களில் மாற்றம் தெரிந்த பெண்களுக்கு எந்த வகை வைரஸ், எந்தப் பகுதியில் என்று அட்டவணை போடுவது என் வேலை. மட்டாஞ்சேரியில் நம் தெருப் பள்ளிக்கூடத்தில் பரிசோதனை முகாம் நடந்தபோது, வந்த பெண்களிடம் பெயரும் ஊரும் கேட்டு எழுதியது நீ.

அட்டவணை போட்டுப் பார்த்தால் மட்டாஞ்சேரிக்காரி என்று ஒருத்தியும் இல்லை. கட்ச், மங்களூர், திருநெல்வேலி, பாலக்காடு! ஒரே முகாமில் இத்தனை பிரதேசங்களா என்று பூரித்துப்போய், சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உன்னிடம் காட்டினேன். நீ சிரித்த சிரிப்பில் மோர் மூக்கில் ஏறிவிட்டது.

“அட அசடே, அவா எல்லாரும் நம்ம தெருவாக்கும். இங்கே ஊர் ஏதுன்னு கேட்டா, தாத்தாவோட தாத்தா ஊரைத்தான் சொல்லுவா. நானே பாலக்காடுன்னுதான் எழுதியிருக்கேன். ரயில்லே தாண்டிப் போனதோட செரி. ராத்திரி எந்த வீட்டிலே படுத்துத் தூங்கறேள்னு கேக்கணும்டா.”

மறுநாளே வீடு வீடாகப் போய் அப்படியே கேட்டு வந்தாய். பாட்டன் எந்தக் கரையில் தோணி ஏறினான் என்பதை வைத்து நான் ஒரு பிரதேசக் கணக்கையே எழுப்பியிருப்பேன். அந்தப் பிழையிலிருந்து என்னைக் காப்பாற்றியது நீதான். உனக்கு அப்போது நன்றி சொன்னேனா? சொல்லியிருக்க மாட்டேன். உன் சிரிப்புக்கு முறைத்திருப்பேன்.

மீனாவிடம் கடைசியாக உன்னைத்தான் துணைக்கு அழைத்தேன். அந்த முகாமில் முதலில் உள்ளே போனது உன் அம்மா, கண் சிமிட்டக்கூட இல்லை, அவளைப் பார்த்துத்தான் தெருவே வந்தது என்றேன். அவள் கீரையை அப்படியே வைத்துவிட்டாள். “அம்மாவோட தைரியம் எனக்கில்லே மாமா. என்னை விடுங்கோ,” என்றாள். கதவு சாத்திக்கொண்டது. உன் பெயரைச் சொல்லி அவளை இன்னும் தள்ளிவிட்டேனோ?

இதுவரை எழுதிக் கடிதத்தை மூடி வைத்திருந்தேன். மேற்கொண்டு எழுத ஒன்றும் தோன்றவில்லை. இப்போது எழுதுவது பல வாரங்கள் கழித்து.

மூடி வைத்த மறுநாள் ஹாஜிரா வந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் நின்று உன்னிடம் தமிழ் கற்ற அதே ஹாஜிரா. முழங்கால் வலியோடு, அரிசி மாவில் பத்திரி சுட்டு எடுத்துக்கொண்டு வந்தாள். மீனா இறுகிய முகத்தோடு இருப்பதைப் பார்த்துக் காரணம் கேட்டாள். சொன்னேன். உன் தைரியத்தைப் பற்றி நான் சொன்னதையும் சொன்னேன்.

“ஆருக்குத் தைரியம்? இவ அம்மைக்கா? நல்ல கதை,” என்றாள். “அன்னிக்கு ஸ்கூல் கேட் வரைக்கும் போறதும் திரும்பி வர்றதுமா இருந்தா. என் அடுக்களையிலே வந்து உக்காந்தா. ஹாஜிரா, எனக்குப் பேடியா, பயமா இருக்கு, நீ முதல்லே போங்கறா. எனக்கு மட்டும் பேடி இல்லையா, நீ போன்னேன். ஒடுக்கம் ரெண்டு பேரும் கையைப் பிடிச்சுண்டுதான் போனோம். வெளியிலே வந்தப்புறம் பாக்கணுமே அவ பவரை. பெரிய கலெக்டர்.”

மீனா ஒரு பத்திரியைப் பிய்த்தாள். பிறகு, தாழ்ந்த குரலில், இது எப்படி வந்ததென்று யாராவது கேட்டால் என்ன சொல்வது என்று கேட்டாள். அதுதான் அவள் மனதை அறுத்துக்கொண்டிருந்தது போலும். நான் சாயா போடுகிற சாக்கில் எழுந்துவிட்டேன்.

“கேக்கறவளையும் டெஸ்ட் எடுக்கச் சொல்லு,” என்ற ஹாஜிராவின் குரல் அடுக்களை வரை வந்தது. உடலுறவில் மிகச் சாதாரணமாகப் பரவுகிற வைரஸ் அது, பெரும்பாலும் தானே போய்விடும், போகாமல் தங்குவதைத்தான் கவனிக்க வேண்டும், வருஷக்கணக்கில் சத்தமில்லாமல் இருக்கும், யாரையும் குற்றம் சொல்ல அதில் ஒன்றும் இல்லை. இத்தனையும் எனக்குத் தெரியும், அக்கா. அவளுடைய ஒற்றை வரி அதையெல்லாம் சொல்லிவிட்டது.

“மாமா, சாயா போறும். சனிக்கிழமை போலாம். கூட வருவேளா?” என்றாள் மீனா.

போனோம். உள்ளே ஹாஜிரா அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். வெளியே பெண்கள் வரிசையில் நான் ஒருவன் மட்டும் குடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மாறிய செல்கள் இருந்தன. புற்றாக ஆகியிருக்கவில்லை, விட்டிருந்தால் ஆகியிருக்கலாம் என்றார் டாக்டர். அந்தச் சிறு பகுதியை எடுத்துவிட்டார்கள். நேற்று மீனா என்னை மீன்வாடை அடிக்கிற படகில் ஏற்றி அக்கரை வரை கூட்டிப்போய், நான் மூக்கைப் பொத்திக்கொண்டதைக் கேலி செய்தாள். அப்படியே உன் குரல்.

இந்தக் கடிதத்தை நம் சங்கத்தின் ஆண்டு மலரில் போடச் சொன்னதும் அவள்தான். “பேரோட போடுங்கோ மாமா. நாலு பேராவது போய்ப் பாக்கட்டும்,” என்றாள்.

இனி ஒவ்வொரு முறை அவளைப் பரிசோதனைக்கு அழைக்கும்போதும் நான் கூட இருப்பேன், அக்கா. கால் நடக்கிறவரை அந்தப் பெண்கள் வரிசையில் என் குடையும் நானும் இருப்போம். இது என் வாக்கு.

நான்காவதாகப் போட்ட நன்றியைத் தனியாக எழுத இடம் வைக்கவில்லை. வழியெல்லாம் அதைத்தான் எழுதியிருக்கிறேன் என்று இப்போது தெரிகிறது.

ஆனால் மூன்றாவதாகப் போட்டதுதான் தவறு. அதை அடிக்காமல் மேலே அப்படியே விட்டிருக்கிறேன், நீ பார்த்துச் சிரிக்க வேண்டும் என்று. நீ பயந்தாய். நான் பயப்படுகிற மாதிரியே பயந்தாய். பயந்துகொண்டே உள்ளே போனாய். இத்தனை நாள் எனக்கு அது தெரியாமல் போயிற்றே.

உன் பயந்தாங்கொள்ளித் தம்பி,
ராமு