கண்ணாடியில் படிந்த உப்பு

14 மார்ச் 1996, வியாழன். பாறசாலை.

ஞாயிற்றுக்கிழமை மகள் ஜெஸி பாலராமபுரத்திலிருந்து வருகிறாள். கல்யாணமாகிப் போகும்போது அவள் விட்டுச்சென்ற மீன்தொட்டியின் உள்பக்கக் கண்ணாடியில் கிணற்றுநீரின் உப்பு வெள்ளைக் கோடாகப் படிந்திருந்தது. எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. காலையில் பாதித் தண்ணீரை இறைத்துவிட்டு, பழைய செய்தித்தாளை வினிகரில் நனைத்து அதன்மேல் ஒட்டிவைத்தேன். ஒரே மீன்தானே, ஓரமாகக் கிடக்கட்டும் என்று அதை வெளியே எடுக்கவில்லை.

பத்திரிகைக்குப் பஞ்சாயத்துக் கூட்டச் செய்தியை எழுதி முடித்துவிட்டு மதியம் திரும்பினேன். தாள் நழுவித் தண்ணீரில் கிடந்தது. மீன் மிதந்தது. கண்ணாடி பளிச்சென்று இருந்தது.

மனைவி ஸ்டெல்லா எட்டிப் பார்த்தாள். "மீனை வாளியில மாத்தீட்டுல்லா செய்யணும்? ஒரு செய்திக்கு நாலு பேரிட்ட கேக்கிய ஆளாக்கும். எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கப்படாதா?"

சாயங்காலம் அவளே இரங்கினாள். "நெய்யாற்றின்கரையில இதே நிறத்துல கிட்டும். அவளுக்குத் தெரியாது."

ஒரு பொய்ச் செய்திகூட எழுதியதில்லை என்று ஜெஸியிடம் எத்தனையோ முறை பெருமையடித்திருக்கிறேன். நாளைக் காலை பஸ்ஸில் போகலாம் என்றேன். வாலில் அதேபோல் கறுப்புப் புள்ளி இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்.