பன்றிகளுக்கு அவள் வைத்த பெயர்கள்

நண்பரே,

நேற்று கிரான்பர்னில் மகள் வீட்டுக் கராஜைத் துப்புரவாக்கியபோது என் பழைய கொப்பி ஒன்று அகப்பட்டது. திறந்ததும் காய்ந்த பசையின் புளித்த மணம் வந்தது. படங்களைப் பற்றிப் பத்திரிகைகளில் வந்த விமர்சனங்களை வெட்டி, திகதி எழுதி, வரிசையாக ஒட்டிய கொப்பி அது. "ஐசே, நீர் படம் பாக்கிறனீரோ, பேப்பர் பாக்கிறனீரோ?" என்று நீர் சிரித்தது ஞாபகம் வந்தது. நீர் போய், உம்முடைய முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்து ஒரு கிழமைதான் ஆகிறது.

எழுபதுகளின் கடைசியில் மெல்பனில் நாம் சேர்ந்திருந்த திரைப்படச் சங்கத்தில் நீரும் நானும் மட்டுமே யாழ்ப்பாணத்தார். எனக்கு டைப் அடிக்கத் தெரியும் என்பதால் சங்கத்தின் மாத மடலைத் தயாரிக்கும் வேலை என்னிடம் வந்தது. அதில் வரும் படக் குறிப்புகளுக்குக் கீழே எழுதியவர் பெயர் போடுவதில்லை. அந்த வழக்கம் எனக்கு எவ்வளவு வசதியாக இருந்தது என்று உம்மிடம் நான் சொன்னதில்லை.

அப்போதுதான் அந்தப் பாஸ்க் மொழிப் படம் வந்தது. ஸ்பெயினின் மலைக் கிராமம் ஒன்றில் தனியாகப் பன்றி வளர்க்கும் ஒரு தாய். அவள் மொழியைத் தெருவில் பேசினால் தண்டனை என்றிருந்த காலம். கடலுக்குப் போய்த் திரும்பிய மகன் அவளோடு ஸ்பானிய மொழியில் மட்டுமே பேசுகிறான். விமர்சகர்கள் படத்தைக் கிழித்திருந்தார்கள்: மந்தம், வறட்சி, முடிவு அர்த்தமற்றது. நான் படத்தைப் பார்க்காமலே அவர்கள் சொன்னதையெல்லாம் கோத்து, "நகைச்சுவை அறவே இல்லாத படம்" என்று ஸ்டென்சில் தாளில் அடித்து, படியெடுத்து எல்லோருக்கும் அனுப்பிவிட்டேன். முதல் காட்சிக்கு மண்டபத்தில் பாதிகூட நிரம்பவில்லை.

தாய் பன்றிகளுக்குத் தீனி வைக்கும்போதெல்லாம் பின்வரிசையில் ஒருவர் மட்டும் விழுந்து விழுந்து சிரித்தார். படம் முடிந்ததும் நான் கூச்சப்பட்டு நிற்க, நீர் நேரே அவரிடம் போனீர். குயின்ஸ்லாந்துக்குக் கரும்பு வெட்ட வந்து, பிறகு மெல்பன் தொழிற்சாலை ஒன்றில் சேர்ந்த பாஸ்க்காரர் அவர். அந்தத் தாய் ஒவ்வொரு பன்றிக்கும் ஓர் அதிகாரியின் பட்டத்தைப் பெயராக வைத்திருக்கிறாள் என்றார். "பொலிஸ் அதிபரே, சாப்பிட வாரும். நீதவானே, தள்ளி நில்லும்." கீழே ஓடிய ஆங்கில வரிகளில் "வா, சாப்பிடு" மட்டும்தான் இருந்தது.

டிராமுக்கு நடக்கும்போது நீர் என்னை விடவில்லை.

"மனிசி படம் முழுக்க அரசாங்கத்தை நக்கலடிக்கிறா. நீர் பகிடியே இல்லை எண்டு அடிச்சு அனுப்பியிருக்கிறீர்."

"எல்லா விமர்சகரும் அப்பிடித்தானே எழுதினவை?"

"அவைக்கு அந்தப் பாசை தெரியாது. அந்தாள் சிரிச்சது உமக்குக் கேட்டதுதானே?"

"பேர் போடாத குறிப்புத்தானே. ஆர் எழுதினதெண்டு ஆருக்குத் தெரியும்?"

"உமக்குத் தெரியும்."

மறுநாள் செயற்குழு கூடி, இரண்டாம் காட்சியை நிறுத்திப் படச்சுருளைத் திருப்பி அனுப்ப இருந்தது. "நாளைக்கு எழும்பிச் சொல்லும். இல்லாட்டி நான் வந்து என்ர இங்கிலீசில சொல்லுவன். சங்கமே கலைஞ்சு போம்," என்றீர்.

சொல்ல வேண்டியவற்றை ஒரு தாளில் இலக்கமிட்டு எழுதிக்கொண்டு போனேன். "நம்முடைய மடலே இந்தப் படத்தில் ஒன்றுமில்லை என்கிறது," என்றார் தலைவர். நான் எழுந்தேன். தாளில் ஓர் எழுத்தும் தெரியவில்லை. "அதை எழுதியவன் நான். படத்தைப் பார்க்க முன்னரே எழுதினேன். அது பிழை," என்றேன். பன்றிகளின் பெயர்களைச் சொன்னேன். ஓர் அம்மா வாய்விட்டுச் சிரித்தார். புதிய குறிப்பு எழுதித் தந்தால் இரண்டாம் காட்சியை வைக்கலாம் என்று முடிவாயிற்று. அந்தக் குறிப்பில் பன்றிகளின் பெயர்களை விளக்கி, கீழே என் முழுப் பெயரையும் போட்டேன். அந்த மடலில் அச்சான முதல் பெயர் அதுதான்.

இரண்டாம் காட்சிக்கும் மண்டபம் நிரம்பவில்லை. ஆனால் தாய் முதல் பன்றியைக் கூப்பிட்டதும் வந்திருந்த எல்லோரும் சிரித்தார்கள். பாஸ்க்காரர் திரும்பி எங்களைப் பார்த்தார். கடைசிக் காட்சியில் தாய் இல்லை. மகன் தீனி வாளியைத் தூக்கிக்கொண்டு போய், அத்தனை நேரமும் பேச மறுத்த மொழியில், "நீதவானே, சாப்பிட வாரும்," என்று கூப்பிடுகிறான். விமர்சகர்களுக்கு அர்த்தமில்லாமல் போன முடிவு இதுதான். நீர் மூக்கை உறிஞ்சினீர். தடிமன் என்றீர்.

அந்த விமர்சகர்களில் ஒருவரும் தம் கருத்தை மாற்றவில்லை. புதிய குறிப்பில் நான் சொன்னதுதான் சரியா என்று எனக்கும் இன்றுவரை முழு நிச்சயம் கிடையாது.

போன கிழமை முதியோர் சங்கத்துப் பிள்ளை ஒருத்தி தங்கள் மடலுக்குப் புதுப் படம் ஒன்றைப் பற்றிப் பத்து வரி கேட்டாள். "இன்ரநெற்றில இருக்கிறதைப் பாத்து எழுதிவிடுங்கோ அங்கிள். ஆர் கவனிக்கப் போகினம்?"

"பாத்திட்டுத்தான் எழுதுவன் பிள்ளை," என்றேன்.

சனிக்கிழமை இரண்டு மணிக் காட்சிக்குப் போகிறேன். எதையும் வாசித்துவிட்டுப் போகப் போவதில்லை. படம் எனக்கு விளங்காமலும் போகலாம். அப்படியானால் விளங்கவில்லை என்றே எழுதி, கீழே என் முழுப் பெயரையும் போடுவேன்.