ஞானஸ்நானச் சீட்டில் இல்லாத பெயர்

போன வாரம் ஆரியசாலைக் கடைத்தெருவில் ஒரு கடை வாசலில் தேயிலைப் பெட்டியை உடைத்தார்கள். ஈயத்தாளைக் கிழித்ததும் வாசனை கிளம்பியது. பருப்பு வாங்கப் போனவன், பையோடு அங்கேயே நின்றுவிட்டேன். நீர் போய் மூன்று வருஷமாகிறது. இந்த வாசனையை மட்டும் என்னால் சும்மா கடந்து போக முடிவதில்லை.

தந்தி ஆபீசில் நம் மேசைகள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. முதுகுக்குப் பின்னால், வெள்ளைக் கலப்பு என்று உம்மைச் சட்டைக்காரன் என்பார்கள், தமிழன் என்று என்னைப் பாண்டி என்பார்கள். அதனால்தானோ என்னவோ ஒட்டிக்கொண்டோம். ஒரு மத்தியானம் சாப்பாட்டு வேளையில் உம் ஞானஸ்நானச் சீட்டை எடுத்துக் காட்டினீர். மிஷன் அநாதை விடுதியில் வளர்ந்த உமக்கு இருந்த குடும்பமே அந்தக் காகிதம்தான். அப்பாவின் இடத்தில் ஒரு தோட்டத்துத் துரையின் முழுப் பெயர். அம்மாவுக்கு நேரே 'நாட்டுப் பெண்' என்று மட்டும் எழுதியிருந்தது.

"அப்பனுக்கு மூணு பேரு. அம்மைக்கு ஒண்ணுகூட இல்ல, பார்த்தீரா வே," என்று சிரித்தீர். கொஞ்ச நேரம் கழித்து, சிரிக்காமல் சொன்னீர்: "சொத்தும் வேண்டா, சொந்தமும் வேண்டா. ஒரு பேரு மதி, அது போரும்."

எந்தத் துரை எந்தக் காட்டை வெட்டித் தோட்டம் போட்டார் என்பதற்கெல்லாம் காகிதம் இருந்தது. அதை வைத்தே பொன்முடிப் பக்கம் உம் அப்பாவின் பழைய தோட்டத்தைக் கண்டுபிடித்தோம். மலையேறி வந்து அந்தக் காட்டை வெட்டிய நம் திருநெல்வேலிச் சீமை ஜனங்களுக்குத்தான் ஒரு துண்டுச் சீட்டும் இல்லை. நேரில் போய்க் கேட்பது என்று முடிவாயிற்று. உமக்கு என்னிடம் கற்ற அரைகுறைத் தமிழ்தான், பேசுவது என் பொறுப்பு.

அன்றைக்கு நீர் முண்டு கட்டிக்கொண்டுதான் கிளம்பினீர். கெடுத்தது நான். பெற்றவளைப் பார்க்கப் போகிறவர் இப்படியா போவது என்று அதட்டி, கோட்டும் தொப்பியும் போட வைத்தேன். பெரிய புத்திசாலி என்று நினைப்பு எனக்கு.

தோட்டக் கூலிகளின் லயத்துக்குள் நாம் நுழைந்ததும் கதவுகள் சாத்திக்கொண்டன. வெளியே நின்ற ஆண்கள் தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்கள். பழைய ஆள் இவள் ஒருத்திதான் என்று கங்காணி ஒரு நரைத்த பெண்ணைக் கொண்டுவந்து நிறுத்தினான். நானும் ஆபீஸ் தோரணையில் விசாரித்தேன். "முப்பது வருஷத்துக்கு முன்ன பெரிய துரை பங்களாவில ஒரு பொம்பளை இருந்தாளாமே, அவ பேரு என்ன?"

அவள் உம்மை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். சட்டென்று ஓரடி பின்னால் போனாள். "தெரியாது தொரை. எனக்கு ஒண்ணும் தெரியாது."

திரும்பும்போது பஸ்ஸில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, "போகட்டும் வே, அவங்களுக்குத் தெரியல்ல," என்று நீர்தான் எனக்கு ஆறுதல் சொன்னீர். மறு வருஷம் உமக்கு டைபாய்டு வந்தது. ஆஸ்பத்திரியில் பத்து நாள் உம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். உட்கார்ந்திருந்ததைத் தவிர என்னால் எதுவும் செய்ய முடியவில்லை.

தேயிலை வாசனை விடாமல் பிடித்து இழுக்க, நேற்று ஞாயிற்றுக்கிழமை தனியாக மலைக்குப் போனேன். வேட்டி, தோளில் துண்டு. அதே லயத்தில் ஒரு பெண் "உக்காருங்க அண்ணாச்சி" என்று பாலில்லாத கட்டன் சாயா கொடுத்தாள். நாம் பார்த்தவளின் தங்கை மகளாம். அந்த நரைத்த பெண் போன மழையில் செத்துப்போய்விட்டாளாம். நான் விசாரிக்கவே இல்லை. அன்று தொப்பிக்காரரோடு வந்தவன் நான் என்று மட்டும் சொன்னேன். இவளே பேசினாள்.

"பெரியம்மைக்கு ஒரு ஆம்பளப் புள்ள இருந்துது, அண்ணாச்சி. நடக்கப் படிச்ச சமயத்துல தொரை தொப்பியும் கோட்டுமா வந்து தூக்கிட்டுப் போயிட்டாரு. அன்னைக்கு நீங்க வந்தப்ப, பழைய தொரைதான் திரும்ப வந்துட்டாருன்னு நெனச்சிட்டுது. அதே மூஞ்சியாம். நீங்க போனப்புறம் ராவும் பகலும் ஒரே புலம்பல். தொரைக்கு வயசே ஆவலையே, அப்ப அது எம்புள்ளைதானான்னு கேட்டுக்கிட்டே கெடந்துது."

என்னால் சாயாவைக் குடிக்க முடியவில்லை. அந்தத் தொப்பியை மாட்டிவிட்டது நான்தான் என்று அவளிடம் சொல்லவும் வாய் வரவில்லை. புறப்படும்போது பெரியம்மையின் பெயரையும் அவளே சொன்னாள்.

கீழே இறங்கியதும் கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். உம் கல்லில் அப்பாவின் மூன்று பெயரையும் பொளிந்திருக்கிறார்கள். அதன் கீழே ஒரு வரி சேர்க்க முடியுமா என்று பாதிரியாரைக் கேட்டேன். சீட்டு இருக்கிறதா என்றார். இல்லை என்றேன். அவர் மேல் குற்றமில்லை.  உமக்காவது சொல்லிவிடலாம் என்று இன்று இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

மாடத்தி. உம் அம்மையின் பெயர் மாடத்தி, வே.