கால்மாட்டுக் கண்ணாடி

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் மூட்டுவலி குறைந்ததா? நான் நலம். நார்த் டகோட்டாவில் சர்க்கரை பீட்ரூட் அறுவடை இன்னும் முடியவில்லை. வயலோரம் நிறுத்திய வேனில்தான் படுக்கை. வெந்நீர் பாட்டிலைப் போர்வைக்குள் வைத்துக்கொள்கிறேன், கவலைப்படாதே.

இந்தக் குளிரில் தூங்குகிறவர்களின் மூச்சு வேன் கண்ணாடியில் உறைந்துவிடும். காலையில் அதைச் சுரண்டுவதுதான் இங்கே எல்லோருக்கும் முதல் வேலை. எனக்குத் தலைமாட்டில் மட்டும்தான் உறையும். நேற்றுக் காலை கால்மாட்டுக் கண்ணாடியிலும் அதே அளவுக்கு உறைந்திருந்தது. பக்கத்து வேன் லோர்னா அதைப் பார்த்துச் சிரித்தாள்.

“ஏண்டி நாடின், ராத்திரி யாருடி விருந்தாளி? சொல்லவே இல்ல.”

“யாரும் வரலக்கா. கதவ உள்ள பூட்டித்தான் படுத்தேன்.”

அவள் சிரிப்பு நின்றுவிட்டது.

“இன்னைக்கு என் வண்டில வந்து படு. வேற பேச்சு வேணாம்.”

நான் போகவில்லை அம்மா. இங்கே வந்த பிறகு அதற்கு முந்தின ராத்திரிதான் முதல்முறையாக என் கால் குளிரவில்லை. இன்று காலையும் கால்மாட்டில் உறைந்திருந்தது. அதைச் சுரண்ட எனக்கு மனம் வரவில்லை.

வேலைக்கு ஏற்றிப்போகும் வண்டி ஹாரன் அடிக்கிறது, முடிக்கிறேன். வீட்டில் இருக்கும் அகலமான கம்பளியைச் சீக்கிரம் அனுப்பி வை. என்னிடம் இருப்பது ஒருவருக்குத்தான் காணும்.

உன் மகள்,
நாடின்