முகம் பார்த்துச் சொல்ல வேண்டியது

அக்கா,

நேற்று வேலை முடிந்து வெள்ளவத்தைக்கு வந்த பஸ்ஸில், பக்கத்தில் இருந்த பெண் கைப்பையைத் திறந்து ஒரு தைலப் போத்தலை எடுத்தாள். விரலால் தொட்டு நெற்றியில் பூசினாள். கண்ணை மூடிக்கொண்டு என் பாட்டில் இருந்த எனக்கு, சனிக்கிழமை வகுப்பில் உங்கள் பக்கத்தில் இருப்பது போல ஆகிவிட்டது. இறங்க வேண்டிய இடம் போனதே தெரியவில்லை. தெஹிவளைப் பாலத்தடியில் இறங்கி, களைப்போடு களைப்பாக உங்களையும் திட்டிக்கொண்டு திரும்பி நடந்தேன்.

தைலம் பூசாமல் நீங்கள் வகுப்பில் இருந்த நாள் எனக்கு ஞாபகம் இல்லை. கிழமை முழுக்கத் தேயிலை ஸ்டோர்ஸில் பொதி கட்டும் பெண்களை மேற்பார்த்துவிட்டு, சனிக்கிழமை விடிய வீட்டுச் சமையலையும் முடித்துக்கொண்டு, கொச்சிக்கடையிலிருந்து பஸ் ஏறி வருவீர்கள். விரிவுரையாளர் தலைமைத்துவத்தின் வகைகளை ஆங்கிலத்தில் அடுக்கும்போது நீங்கள் மேசைக்குக் கீழே போத்தலைத் திறப்பீர்கள். எனக்கும் நீட்டுவீர்கள். நான் வேண்டாம் என்று தலையாட்டுவேன். "உங்களுக்கு இன்னும் தலை இடிக்கல்ல, அதான்" என்பீர்கள்.

நான் முகாமைத்துவப் பட்டத்துக்குப் படிக்க வந்தது கோபத்தில். எனக்குக் கீழே வேலை பழகியவர்கள் பட்டம் இருக்கிறதென்று எனக்கு மேலே போய் உட்கார்ந்தார்கள். நீங்கள் வந்தது ஆசையில். "பிள்ளைகள் பட்டம் வாங்கிக் கவுன் போட்டுப் படம் எடுத்திட்டுதுகள். நானும் ஒண்ணு எடுக்கணும்" என்று முதல் நாளே சொன்னீர்கள். இளம் பிள்ளைகள் நிறைந்த வகுப்பில் நரைத்த தலைகள் இரண்டும் ஒரே மேசையில் ஒதுங்கியதில் அதிசயம் இல்லை. பாடத்தைத் தமிழில் கதைத்து விளங்கிக்கொண்டு, பிறகு ஆங்கிலத்தில் எழுதுவோம். அரைவாசி நேரம் இரண்டு மொழியிலும் விளங்காது.

முதல் வருடமே நான் படிப்பை விடப் பார்த்தேன். ஒரு செவ்வாய்க்கிழமை, இனி வரமாட்டேன் என்று உங்களுக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். நீங்கள் பதில் போடவில்லை. அன்று பின்னேரமே கோயிலுக்குப் போய்விட்டு நேரே வெள்ளவத்தைக்கு வந்து, மூச்சு வாங்க மாடிப்படி ஏறிக் கதவைத் தட்டினீர்கள்.

"விடுறதா இருந்தா மூஞ்சப் பாத்துச் சொல்லணும். போன்ல சொல்லக் கூடாது. இப்ப சொல்லுங்க பாப்பம்."

"தேத்தண்ணி குடிக்கிறீங்களா அக்கா?" என்று கேட்டேன். அடுத்த சனிக்கிழமை வகுப்புக்கும் வந்தேன். விடுவதென்றால் முகம் பார்த்துச் சொல்ல வேண்டும் என்பது அன்றிலிருந்து எங்கள் இருவருக்கும் சட்டம்.

உங்களுக்குப் புத்தகத்தில் இருந்த நம்பிக்கை எனக்கு ஒரு நாளும் வந்ததில்லை. கீழே வேலை செய்பவர்களின் கருத்தைக் கேட்டு நடப்பவரே நல்ல தலைவர் என்று விரிவுரையாளர் ஒரு சனிக்கிழமை சொன்னார். நான் கொட்டாவி விட்டேன். நீங்களோ திங்கட்கிழமையே ஸ்டோர்ஸில் கதிரைகளை வட்டமாகப் போட்டு, தேத்தண்ணியும் கேக்கும் வரவழைத்து, பெண்களை உட்கார வைத்துவிட்டீர்கள். "நான் இத்தனை வருசமா உங்களோட எப்பிடி நடந்திருக்கேன்? மனசில இருக்கிறதச் சொல்லுங்க" என்று சிங்களத்திலும் தமிழிலும் கேட்டிருக்கிறீர்கள்.

எல்லோரும் அழத் தொடங்கிவிட்டார்கள்.

அந்த ஸ்டோர்ஸில் கதிரை வட்டமாக வருவதும் கேக் வெட்டுவதும் யாராவது வேலையை விட்டுப் போகும் நாளில் மட்டும்தான். வேறு எதற்கும் அங்கே யாரும் கேக் வாங்கியதில்லை. பெண்களில் மூத்தவரான குசுமா எழும்பி வந்து உங்கள் கையைப் பிடித்து, "மிஸ் யனவாத?" என்று கேட்டாராம். போகிறீர்களா என்று. இல்லை என்று நீங்கள் சொல்ல, மேலிடத்தில் வாயைத் திறக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள் போல, பாவம் மறைக்கிறார் என்று நினைத்துக்கொண்டார்கள். அடுத்த நாள் ஒரு சுவர்க்கடிகாரத்தோடு வந்து நின்றார்கள். ஒவ்வொருவராக எழும்பி உரை வேறு. மகளுக்குப் பேறுகாலம் என்றபோது லீவு வாங்கித் தந்தீர்கள் என்று ஒருத்தி. ஏசுவீர்கள், ஆனால் அடுத்தவர் முன்னால் ஏசமாட்டீர்கள் என்று இன்னொருத்தி. குசுமா மட்டும், "போற நேரத்திலதானா எங்களிட்டக் கேக்கத் தோணிச்சு?" என்று கேட்டிருக்கிறார்.

"எனக்கு அழுகையும் வருது, சிரிப்பும் வருது. போகல்ல, போகல்லண்டு கத்துறேன், ஒருத்தி கேக்கணுமே!" என்று அடுத்த சனிக்கிழமை நீங்கள் சொல்லச் சொல்ல, எனக்குச் சிரித்து விக்கல் எடுத்தது. நீங்கள் போகவில்லை என்பது அவர்களுக்கு உறுதியாக ஒரு கிழமை பிடித்தது. கடிகாரத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது வாங்க மாட்டோம் என்றுவிட்டார்கள். இதையே வகுப்புக்கு ஒப்படையாக எழுதிக் கொடுத்தீர்கள். கோட்பாடு போதாது என்று விரிவுரையாளர் குறைந்த புள்ளி போட்டார். அதற்கும் தைலம் பூசிக்கொண்டீர்கள்.

பிறகு ஒரு புதன்கிழமை காலை, வேலைக்கு வெளிக்கிட்டு நின்ற நீங்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரவில்லை.

செத்த வீட்டில் பெட்டியின் தலைமாட்டில் வைத்திருந்த படம், கல்லூரி அடையாள அட்டைக்கு நாங்கள் இருவரும் சேர்ந்து போய் வெள்ளவத்தை ஸ்டூடியோவில் எடுத்தது. கவுன் போட்ட படம் அல்ல. அதைப் பார்த்ததும்தான் எனக்கு அழுகை வந்தது. ஸ்டோர்ஸ் பெண்கள் வெள்ளைச் சேலையில் ஒரு வரிசையாக நின்றார்கள். அவர்கள் அழுதார்கள், ஆனால் அடங்கி அழுதார்கள். குசுமா என் பக்கத்தில் வந்து, தனக்குத் தெரிந்த தமிழில் மெல்லச் சொன்னார்: "நாங்க மிஸ்ஸுக்குச் சொல்ல உள்ளது எல்லாம் அண்டைக்கே சொல்லிட்டம், நோனா."

எனக்கு அந்தப் பெண்கள் மேல் பொறாமை வந்தது, அக்கா. தவறுதலாக என்றாலும் அவர்களுக்கு ஒரு நாள் கிடைத்தது. கிழமைக்குக் கிழமை உங்கள் பக்கத்தில் இருந்த எனக்குக் கிடைக்கவில்லை.

வகுப்பின் முன் நின்று பேசும் இறுதி முன்வைப்பு இன்றைக்கு. நாங்கள் இருவரும் சேர்ந்து செய்ய இருந்தது. உங்கள் பகுதியை நீக்கிவிட்டுத் தனியே செய்யலாம் என்று விரிவுரையாளர் சொன்னார். நல்ல மனிதர். ஆனால் எனக்கு நீக்கவும் மனமில்லை, செய்யவும் தெம்பில்லை. வேலை, வீடு, வகுப்பு என்று ஓடி ஓடி உடம்பு அலுத்துவிட்டது. பட்டம் வந்து இனி என்ன கிரீடமா சூட்டப்போகிறார்கள்? விடுவதென்று முடிவெடுத்தேன். சட்டப்படி முகம் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று போன ஞாயிற்றுக்கிழமை கொச்சிக்கடைக்கு, உங்கள் வீட்டுக்கு வந்தேன்.

உங்கள் சின்ன மகள் கதவைத் திறந்தாள். சுவரில் அந்த அடையாள அட்டைப் படம். அதற்கு மேலே கடிகாரம், ஓடிக்கொண்டிருந்தது. அவள் தேத்தண்ணி போட உள்ளே போனதும் படத்துக்கு முன்னால் போய் நின்றேன். படம் எடுத்த அன்று நான் ஏதோ பகிடி விட்டு, நீங்கள் சிரிப்பை அடக்க வாயை இறுக்கி மூடியிருந்தீர்கள். அந்த முகத்தைப் பார்த்து, படிப்பை விடுகிறேன் என்று எப்படிச் சொல்வது? அப்படியும் வாயைத் திறந்தேன்.

"வகுப்பு எப்பிடி அன்ரி போகுது?" என்றாள் மகள், பின்னால் தேத்தண்ணியோடு நின்று.

"ஓம் பிள்ளை, போகுது" என்றேன்.

"அம்மா சொல்லிட்டே இருப்பா, அந்த அன்ரி இல்லாட்டி நான் எப்பவோ விட்டிருப்பேன்னு. அவக்குப் பயந்துதான் போறேனாம்."

எனக்குப் பயந்து! மாடிப்படி ஏறி வந்து என்னை மிரட்டிய மனுசி சொன்ன கதையைப் பாருங்கள். தேத்தண்ணியை வாங்கிக் குடித்தேன். வந்த காரியத்தைச் சொல்லாமலே திரும்ப பஸ் ஏறினேன்.

இப்போது சனிக்கிழமை காலை. சேலை உடுத்தாகிவிட்டது. உங்கள் பகுதியை நீக்கவில்லை. வட்டமாகப் போட்ட கதிரைகள், கேக், கடிகாரம், குசுமா கேட்ட கேள்வி எல்லாம் அதில் இருக்கிறது. கோட்பாடு இந்த முறையும் போதாதுதான், குறைந்த புள்ளி வந்தால் வரட்டும். நேற்று தெஹிவளையிலிருந்து நடந்து வரும்போது ஒரு தைலப் போத்தல் வாங்கிப் பையில் போட்டேன். இரவிலிருந்து தலை இடிக்கிறது.

விடத்தான் ஆசை, அக்கா. முகம் பார்த்துச் சொல்ல நீங்கள் வரமாட்டீர்கள் என்பதால் வகுப்புக்குப் போகிறேன்.