முன்னேற்றம் காணும்வரை

பிப்ரவரி 9

அன்புள்ள வாலுவுக்கு,

நீயும் உன் வீட்டுக்காரரும் குட்டியும் சௌக்கியம்தானே? குட்டி நடக்க ஆரம்பித்ததை மூன்றாம் மனுஷிக்குச் சொல்வதுபோல் ஒரே வரியில் எழுதியிருக்கிறாய். இருக்கட்டும், நேரில் கவனித்துக்கொள்கிறேன்.

ஒரு விஷயம் சொல்கிறேன், கத்தாதே. எனக்கு மார்பில் புற்றுநோய். ஒன்றரை வருஷமாகிறது. கண்டுபிடித்தபோதே இடுப்பெலும்பு வரை போயிருந்தது. நீ அப்போது நிறைமாதம், சொல்ல நாக்கு எழவில்லை. அப்புறம் பால் கொடுக்கிறவளிடம் சொல்வானேன் என்று தள்ளிப்போட்டேன். இப்போது தேறிவிட்டேன், அதனால் சொல்கிறேன்.

ஆஸ்பத்திரியில் ஒரு புத்தகம் கொடுத்தார்கள். என்னென்ன சிகிச்சை இருக்கிறது, ஆராய்ச்சியில் எது எத்தனை பேருக்குப் பலித்தது, எதற்கு என்ன தொல்லை, எல்லாம் என்னைப் போன்றவர்களுக்குப் புரிகிற தமிழில். டாக்டரம்மா பேசியது அன்று பாதி காதில் ஏறவில்லை. புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டுதான் கேள்வி கேட்டு, மாத்திரை போதும் என்று முடிவு செய்தேன். "முன்னேற்றம் காணும்வரை மாத்திரையைத் தொடர வேண்டும்" என்று இருபத்திரண்டாம் பக்கத்தில் போட்டிருந்தது. அக்டோபர் ஸ்கேனில் கட்டி பாதியாகச் சுருங்கியிருந்தது. இதைவிட என்ன முன்னேற்றம் வேண்டும்? அன்றோடு நிறுத்திவிட்டேன். ஜனவரிப் பரிசோதனைக்கும் போகவில்லை.

மாத்திரையால் வந்த மூட்டு வலி போயே போச்சு. தினமும் ஆறு பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன். நேற்று ஒரு பள்ளித் தலைமையாசிரியர் பிரேக் என்று நினைத்து ஆக்சிலேட்டரை மிதித்துவிட்டு, "நீங்கதானே மேடம் மிதிக்கச் சொன்னீங்க" என்கிறார்!

அந்தப் புத்தகத்தைப் பற்றி உனக்கு ஒரு சங்கதி வைத்திருக்கிறேன். அப்புறம்.

உன் அக்கா


பிப்ரவரி 14

அக்கா,

போனில் "இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போ" என்று அலறிவிட்டு வைத்துவிட்டேன். "ஏன்டி, பேய் பிடிச்சிருக்கா உனக்கு?" என்று நீ கேட்டதற்குப் பதில் இதில் இருக்கிறது.

உனக்குப் புற்றுநோய் என்று படித்ததும் சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். இத்தனை நாள் எப்படி அக்கா மறைத்தாய்? அடுத்த பத்தியைப் படித்ததும்தான் எழுந்து உனக்குப் போன் செய்தேன். "முன்னேற்றம் காணும்வரை" என்ற அந்த வரியை எழுதினது நான்.

எங்கள் மொழிபெயர்ப்பு அலுவலகத்துக்கு வந்த வேலை அது. நோய் மேலும் பரவுவதைத்தான் மருத்துவர்கள் நோய் முன்னேறுவது என்பார்கள். அப்படிப் பரவினால்தான் மாத்திரையை மாற்றுவார்கள், அதுவரை ஒருநாளும் விடக்கூடாது. முதலில் "நோய் முன்னேறும் வரை" என்றுதான் போட்டேன். காதுக்கு நன்றாக இல்லை என்று நோயை எடுத்துவிட்டு "முன்னேற்றம் காணும்வரை" என்று திருத்தினேன். எனக்கு நானே சபாஷ் வேறு போட்டுக்கொண்டேன். சரிபார்த்த இரண்டு பேருமே மருத்துவப் பேச்சில் பழகிய டாக்டர்கள், அவர்கள் கண்ணில் அது தப்பாகவே படவில்லை.

நேற்று மேலாளரிடம் சொன்னேன். "ஐயோ, எத்தனை பேர் கையில போயிருக்கும்!" என்று தலையில் கைவைத்துக்கொண்டார். எல்லா ஆஸ்பத்திரிகளிலிருந்தும் திரும்பப் பெறுகிறார்கள். வேலை போனால் போகட்டும். உனக்கு நான் என்ன செய்துவிட்டேன் அக்கா?

என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. ஆஸ்பத்திரிக்குப் போனாயா என்று மட்டும் எழுது.

உன் தங்கை


பிப்ரவரி 20

வாலு,

போனேன். நீ கத்திய கத்தில் மறுநாளே போனேன். உன் கடிதம் வருவதற்குள் ஸ்கேன் முடிந்துவிட்டது. இடுப்பில் இருந்தது மறுபடி பெரிதாகியிருக்கிறது. கல்லீரலிலும் இரண்டு இடத்தில் புதிதாக. டாக்டரம்மா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "யாரும்மா உங்களை நிறுத்தச் சொன்னது?" என்றார். "புத்தகத்துல இருந்துச்சு டாக்டர்" என்றேன். வீட்டுக்கு வந்து உன் கடிதத்தைப் பிரித்தபோதுதான் அந்த வரியின் அர்த்தம் தெரிந்தது.

நான் சொல்ல வைத்திருந்த சங்கதி இதுதான். முதல் பக்கத்தில் "மேலே படிக்கும் முன் ஒரு வாய் தண்ணீர் குடித்துக்கொள்ளுங்கள்" என்று இருந்தது. உன் ஒவ்வொரு பரீட்சைக்கும் நான் சொன்ன வார்த்தை. எந்த டாக்டர் அப்படி எழுதுவார்? பேர் போடாவிட்டால் என்ன, எழுதியது நீதான் என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளிடம் "என் தங்கச்சி எழுதுனது" என்று பீற்றிக்கொண்டேன். டிசம்பரில், நான் மாத்திரை வாங்க வராததைப் பார்த்து நர்ஸ் இரண்டு தடவை போன் செய்து, "மாத்திரையை நிறுத்தக்கூடாதும்மா, வாங்க" என்றாள். "எனக்குத் தெரியும், வைங்க" என்றேன். நீ எழுதியதற்கு மேல் அவள் என்ன சொல்லிவிடப்போகிறாள் என்று நினைத்தேன்.

தொடர்ந்து சாப்பிட்டிருந்தாலும் பரவியிருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்கிறார் டாக்டரம்மா. அதைப் பிடித்துக்கொண்டு உன்மேல் இருக்கும் கோபத்தை விட்டுவிடலாம் என்று பார்க்கிறேன். முடியவில்லையடி.

இனி ஊசி மருந்து, மூன்று வாரத்துக்கு ஒருமுறை. வேறு ஏதோ புத்தகம் கொடுத்திருக்கிறார்கள். நான் தொடவில்லை.

இதற்குப் பதில் எழுதாதே. மன்னிப்புக் கேட்டு நாலு பக்கம் வந்தால் கிழித்துப்போடுவேன். மார்ச் மூன்றாம் தேதி காலை ஒன்பது மணிக்கு முதல் ஊசி. குட்டியையும் தூக்கிக்கொண்டு வா. டாக்டரம்மா சொல்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு, உன் வாயால் எனக்குச் சொல். சொல்லி முடித்ததும், எனக்கு என்ன புரிந்தது என்று கேள்.

அக்கா